அளந்து விட்ட காற்று

எங்கள் ஜங்லிகாட்டுப் பகுதியில் என்னைப் பற்றி ஒரு கதை நடமாடுகிறது. அதில் என் வீட்டுக்காரர் தெய்வம், நான் நன்றி கெட்டவள். அதைச் சொல்லித் திரிகிறவர்களில் ஒருவரைத் தவிர யாரும் அன்றைக்கு அந்த வார்டில் இல்லை. கட்டிலில் கிடந்தது நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எனக்கு நடந்ததை எழுத அது போதும். பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதினால் அவ்வளவாக வாங்குவதில்லை.

நாங்கள் பரமக்குடிப் பக்கம். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள், நாங்கள் கெட்டுப்போய் இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறினோம். இவர் ஹேடோவில் ஒரு காண்ட்ராக்டரின் பட்டறையில் வெல்டர். படகு, சங்கிலி, இரும்புத்தகடு என்று கேஸ் வைத்து அறுப்பதும் ஒட்டுவதும் வேலை. நான் வீட்டிலேயே மெஸ் வைத்தேன். குடும்பத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் விட்டுவிட்டு வந்த நம் ஆட்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்த கிளார்க்குகளுக்குக் கேரியரில் எடுத்துப் போய்க் கொடுப்பேன்.

அடுக்களை என்றால் தகரக் கூரை, தகரச் சுவர், ஒரு வாசல். சன்னல் கிடையாது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. அறுப்பு மில்லில் இருந்து வரும் மரக்கழிவுதான் விறகு. அது எப்போதும் ஈரம். எரிவது கொஞ்சம், புகைவது மீதி. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி என் கன்னமே தொங்கிவிட்டது. சாயங்காலம் ஆனால் கொசுவுக்குத் தேங்காய் மட்டையைக் கொளுத்தி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். மலேரியாவுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் இதே வழக்கம். புகை சன்னமாக இருந்தால் இவருக்குத் தூக்கம் வராது. "இன்னொரு மட்டையைப் போடு பிள்ள" என்பார். போடுவேன். இருமுவேன். இருமல் எல்லாருக்கும்தான் இருந்தது, அதை யாரும் நோய் என்று சொல்லவில்லை.

முதலில் மேடு ஏற முடியாமல் போனது. கேரியரோடு டெலானிபூர் ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறியவள், பாதியில் நிற்க ஆரம்பித்தேன். அப்புறம் காலில் வீக்கம். காலையில் குறையும், மாலையில் கொலுசு சதைக்குள் புதையும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். யானைக்கால் என்றார் ஒருவர். கெட்ட நீர், நெருஞ்சி முள் கஷாயம் குடி என்றார் இன்னொருவர். எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுச் சரசு என் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மதினி, தனியா ஒக்காந்து நாவப்பழம் தின்னீகளா? வாயெல்லாம் நீலமா இருக்கு."

நானும் சிரித்தேன். அடுத்த வாரம் கஞ்சிச் சட்டியை இறக்கப் போனவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. என் மகள் ராணி ஓடிப்போய் இவரைப் பட்டறையிலிருந்து கூட்டி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பெஞ்சில் இடம் கிடைக்கவே பாதி உயிர் போய்விட்டது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் இவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பெங்காலிக்காரர், சின்ன வயசு. நான் காலைக் காட்டினேன், அவர் கழுத்தைப் பார்த்தார். காது மடலுக்குக் கீழே நரம்பு புடைத்துத் துடிப்பதை டார்ச் அடித்துப் பார்த்தார். வலது விலாவுக்கு அடியில் அமுக்கினார், உயிர் போகிற வலி.

"கித்னே சால் சே சூல்ஹே பர் காம்?" என்றார். எத்தனை வருஷமாக அடுப்படியில் வேலை என்று கேட்கிறார்.

"கல்யாணம் ஆனதுல இருந்து" என்றேன் தமிழில். ராணி இந்தியில் சொன்னாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சிலும் கை கால்களிலும் குளிர்ந்த களிம்பைத் தடவி, ஒயர் மாட்டி, இதயம் துடிப்பதைக் காகிதத்தில் கோடாக இழுத்தார்கள். ரத்தம் எடுக்க வந்த ஆள் ஊசியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என் ரத்தம் புளிக்கரைசல் மாதிரி கெட்டியாக, கறுப்பாக இருந்தது. காற்று போதாத உடம்பு, கிடைக்கிற கொஞ்சக் காற்றையாவது சுமக்கட்டும் என்று ரத்தத்தை அதிகமாக ஊறவைத்துக்கொண்டே போகுமாம். அது கெட்டிப்பட்டு இதயத்துக்கு இன்னொரு பாரம். அதனால் பெரிய ஊசியாகக் குத்திக் கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். இவர் துடித்துப்போய்விட்டார். "ரத்தம் ஏத்துவாங்கன்னு பாத்தா உறிஞ்சுறானுகளே" என்று வராந்தாவில் நின்று அழுதார்.

அவர் அழுததை நான் இல்லை என்று சொல்லவில்லை. வெளியே வாங்கச் சொன்ன ஊசி மருந்துக்காகக் கைக்கடிகாரத்தை விற்றார். என் கால் வீக்கத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்து, குழி நேற்றைவிடக் குறைவா என்று தினமும் பார்ப்பார். ராணி உப்பில்லாத கஞ்சி கொண்டு வருவாள். அவளும் என்னோடு உட்கார்ந்து உப்பில்லாமலே குடிப்பாள். "எனக்கும் இதான் பிடிச்சிருக்கு" என்பாள். பொய். அந்தப் பொய்யால்தான் என் தொண்டையில் கஞ்சி இறங்கியது.

எனக்கு மூக்கில் ரப்பர் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரச் சிலிண்டர். அதிலிருந்து வரும் காற்று ஒரு தண்ணீர் பாட்டில் வழியாகக் குமிழி விட்டு, பிறகு என் மூக்குக்கு வரும். ஏலியம்மா சிஸ்டர்தான் அதைத் திறந்துவிட்டார். கோட்டயத்துப் பெண், தமிழும் மலையாளமும் இந்தியும் ஒன்றாகக் கலந்து பேசும். குமிழி ஒவ்வொன்றாக, எண்ணிவிடலாம் போல வந்தது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன சிஸ்டர், ஊதுபத்திப் புகை மாதிரி விடுறீங்க. எங்க பட்டறையில ஒரு ஆணிய அறுக்கவே இதவிட ஜாஸ்தி வேணும்."

"அண்ணா, இது வெல்டிங் கேஸ் இல்லா. இந்த அம்மாவுக்கு இது மருந்தாணு. மருந்து ஜாஸ்தியானா விஷம் ஆகும் கேட்டோ. டாக்டர் சொன்னதுதான் வச்சிருக்கேன். தொடக்கூடாது."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. அவர் மட்டும் இல்லை, இந்தத் தீவில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அரிசி, வெங்காயம், மண்ணெண்ணெய், சிமெண்ட் எல்லாம் கப்பலில் வருவதுதான், எல்லாம் அளந்து கொடுப்பதுதான். கொஞ்சமாகக் கொடுத்தால் மீதியை யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். தெரிந்த ஆள் இருந்தால் மூட்டை, இல்லாவிட்டால் படி. சிலிண்டரும் மெயின்லேண்டில் இருந்துதான் வருகிறது. இவர் தன் பட்டறைக்கே அதற்காகக் காத்துக் கிடந்தவர். "ஆபீசர் வீட்டு ஆளு வந்தா வேணும்னு மிச்சம் பிடிக்கிறாங்க" என்று ராணியிடம் முணுமுணுத்தார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பார்வையாளர் நேரம். சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இவர் அங்கே ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். சிலிண்டர் பக்கம் நகர்ந்து குமிழைத் திருகினார். தொழில் தெரிந்த கை, சத்தமே வரவில்லை. பாட்டிலில் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழி பொங்கியது.

சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். நெஞ்சின் மேலிருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி. உதட்டு நீலம் போய்விட்டதாம். "பாரு, உங்கம்மாவுக்கு நிறம் வந்துருச்சு" என்று இவர் ராணியிடம் சொன்னது காதில் விழுந்தது. வாரக்கணக்கில் தூங்காதவளுக்குத் தூக்கம் வந்தது. "தூங்கட்டும், எழுப்பாத" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாராம். நான் தூங்கவில்லை, செத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை.

பிறகு நடந்ததை ராணி சொல்லித்தான் அறிந்தேன். நேரம் ஆக ஆக மூச்சு விடுவதே குறைந்ததாம். முகம் சிவந்து, வியர்த்து, கை மட்டும் பட்சி சிறகு அடிப்பது மாதிரி உதறியதாம். சிஸ்டர் வந்து கூப்பிட்டிருக்கிறார், கிள்ளியிருக்கிறார், நான் அசையவில்லை. பாட்டிலைப் பார்த்ததும் அவர் கத்தியது வராந்தா வரை கேட்டதாம். டாக்டர் ஓடிவந்து, "யே கிஸ்னே கியா?" என்று கேட்டார். இதை யார் செய்தது. சிஸ்டர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். டாக்டர் நோயாளிகள் அத்தனை பேர் முன்னாலும் சிஸ்டரைத் திட்டினார். உன் பொறுப்பில்தானே இருந்தது என்று. இவர் வாய் திறக்கவில்லை.

என்னைப் பிழைக்க வைத்தார்கள். ரப்பர் பையை முகத்தில் அழுத்தி, முறை வைத்து மூச்சு ஊதியிருக்கிறார்கள். சிஸ்டரும் அதில் ஒருத்தர். நான் கண் திறந்தபோது இவர் என் காதோரம் குனிந்தார்.

"நாந்தான் பிள்ள. கை சும்மா இருக்கல. நீ நல்லா இருக்கணும்னுதான் திறந்தேன். கொன்னுருப்பேனே உன்னைய."

அழுதார். நான் அவர் தலையைத் தடவினேன். பேச முடியவில்லை, தடவ முடிந்தது. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் வந்த கோபம் வேறு.

பேச்சு வந்ததும் டாக்டரிடம் நானே சொன்னேன், ராணியை இந்தியில் சொல்ல வைத்து. சிஸ்டர் மேல் தப்பில்லை, திறந்தது என் வீட்டுக்காரர் என்று. டாக்டர் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் என் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு தாளில் படம் போட்டு எனக்கு எல்லாம் விளக்கினார். சிஸ்டர் தமிழில் சொன்னார். எனக்குப் புரிந்ததை அப்படியே சொல்கிறேன். இது பலருக்கும் தெரியாது.

நுரையீரலில் ஒரு மூலையில் காற்று போகவில்லை என்றால், அங்கே போகும் ரத்தக்குழாய் தானாகச் சுருங்கிக்கொள்ளும். காற்று இல்லாத இடத்துக்கு ரத்தம் போய் என்ன லாபம், வேறு பக்கம் போகட்டும் என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் நுரையீரல் முழுவதும் வருஷக்கணக்காகப் புகை குடித்துக் கெட்டுக் கிடக்கிறது. எல்லா இடத்திலும் காற்றுப் பஞ்சம், எல்லாக் குழாயும் சுருக்கம். நாளாக நாளாக அந்தச் சுவர்கள் தடித்து, சுருங்கியது சுருங்கியபடியே நின்றுவிடும். நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது இதயத்தின் வலது பக்கம். ரப்பர் குழாயின் வாயை ஒருவர் கையால் நெரித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பம்ப்பை அடி அடி என்று அடிப்பது மாதிரி அது அடிக்கிறது. முதலில் தசை தடிக்கும், பிறகு அறை பெரிதாகித் தொய்ந்துபோகும். முன்னால் போக முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். கழுத்து நரம்பு புடைப்பதும், ஈரல் வீங்கி வலிப்பதும், காலில் நீர் கோத்துக்கொள்வதும் அதனால்தான். நெருஞ்சி முள் பாவம் என்ன செய்யும்.

அப்படியானால் ஆக்ஸிஜனை நிறையக் கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்டேன். எல்லாரும் அங்கேதான் தவறுகிறார்கள் என்றார். நெஞ்சிலிருந்து வெளியே போகவேண்டிய கெட்ட காற்றும் எனக்குள் தங்கிவிடுகிறது. நல்ல ஆளுக்கு அது கொஞ்சம் கூடினாலே மூளை வேகமாக மூச்சு விடச் சொல்லும். என் மூளை வருஷக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்த்து மரத்துவிட்டது. ஆக்ஸிஜன் குறைகிறதே என்ற பயம் ஒன்றுதான் என்னை மூச்சு விட வைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஆக்ஸிஜனைக் கொட்டியதும் அந்தப் பயமும் போய்விட்டது. மூச்சு சோம்பியது. உள்ளே கெட்ட காற்று ஏறி ஏறி மயக்கம். அதனால் எனக்குக் கொஞ்சம்தான் கொடுக்க வேண்டும், ஆனால் விடாமல் கொடுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள், அதை நான் மூக்கால் படித்தேன்.

இவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "அச்சா சாப், அச்சா சாப்" என்று கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயம் பழைய அளவுக்குத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள், புகைப் பக்கமே போகாதே என்றார்கள். மெஸ்ஸை மூடினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். முதல் நாள் இவர், "பொழைச்சு வந்தா, அம்புட்டுத்தான்" என்றார். ஒரு வாரம் கழித்து, "காத்தக் கொஞ்சமாத்தான் விட்டாங்க, நான்தான் கூட்டி வைக்கச் சொன்னேன்" என்றார். பிறகு, "நாந்தான் திறந்தேன், உடனே நிறம் வந்துச்சு. அந்த நர்ஸ் வந்து குறைச்சா பாருங்க, அப்பத்தான் மயங்கிட்டா" என்றார். கேட்டவர்கள் மெச்சினார்கள். தொழில்காரன் தொழில்காரன்தான் என்றார்கள்.

"ஏங்க, என் காதுல என்ன சொன்னீங்க அன்னைக்கு?" என்று தனியாக இருக்கும்போது கேட்டேன்.

"அப்ப பயத்துல என்னமோ சொன்னேன். நிறம் வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு."

ஊராருக்குச் சொல்லிச் சொல்லி அவர் தானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாரா, இல்லை நம்புகிற மாதிரி நடித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மறுத்துப் பேச மூச்சு செலவாகும். போகட்டும், ஒரு மனுஷனுக்கு ஒரு பெருமை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

மழை தொடங்கிய சமயம் சரசுவின் வீட்டுக்காரர் பேச்சிமுத்து அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர், வாயில் பீடி அணைந்து நான் பார்த்ததில்லை. அவருக்கும் கால் வீக்கம், உதடு நீலம், மூச்சு இழுப்பு. சரசு தம்பியோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, இவுகளுக்கும் காத்த எண்ணி எண்ணித்தான் விடுறாக. கேட்டா சள்ளுனு விழுறாக. நீங்க கொஞ்சம் வாங்கண்ணே. மதினிக்கு வச்ச மாதிரி வச்சு விடுங்க."

இவர் எழுந்து சட்டையை மாட்டினார். நான் வாசலில் போய்க் குறுக்கே நின்றேன்.

"போகாதீங்க. சரசு, கேட்டுக்க. இவரு திறந்துவிட்டதுனாலதான் நான் செத்துப் பொழைச்சேன். என்னைய மீட்டது அந்த நர்ஸ். எங்கிட்ட இவரே ஒத்துக்கிட்டு அழுதாரு. கொஞ்சமா விடுறதுதான் வைத்தியம். அண்ணனைக் கொன்னுராதீங்க."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். சரசு இவரைப் பார்த்தாள். இவர் முகம் கறுத்துவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். சரசு தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நாலு பேரு முன்னாடி என்னைய அவுத்துப் போட்டுட்ட" என்றார் அன்றைக்கு. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆனால் நான் சாய்ந்து படுக்கத் தலையணையை அடுக்குவது, வெந்நீர் வைப்பது, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது எல்லாம் முன்போலவே நடந்தது.

பேச்சிமுத்து அண்ணன் பிழைக்கவில்லை. நெஞ்சில் சளி சேர்ந்து காய்ச்சல் கண்டு, சில நாள் கழித்துப் போய்விட்டார். தப்பான வைத்தியம் எதுவும் நடக்கவில்லை. நோய் முற்றியிருந்தது, அவ்வளவுதான். ஏலியம்மா சிஸ்டர் கடைசிவரை பக்கத்தில் இருந்ததாக ராணி விசாரித்து வந்து சொன்னாள்.

துக்கத்துக்குப் போனோம். பெண்களோடு உட்கார்ந்து சரசுவின் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அண்ணன் மட்டும் அன்னைக்கு வந்திருந்தா எம் பிள்ளைகளுக்கு அப்பன் இருந்திருப்பாரு மதினி. உங்க உசுருன்னா திறந்து விடலாம், எங்க உசுருன்னா வேணாமா?"

ஒப்பாரி நின்றுபோய் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாயில் காற்று இல்லை. வாசலில் ஆண்களோடு நின்ற இவரைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர உண்மை தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். என் காதில் சொன்னதை ஊர் காதில் ஒரு தரம் சொன்னால் போதும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்னைய எங்க போகவிட்டாங்க தாயி" என்றார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகும் சின்ன ஏற்றத்தில் நான் நின்று நின்று ஏறினேன். நான் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். குடையை முழுசாக என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார், அவர் தோளும் முதுகும் நனைந்துகொண்டிருந்தன.

"மெதுவா வா பிள்ள. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

நான் குடையை விட்டு விலகி மழையில் நடந்தேன். அவர் குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.